டிஸ்மேரி

வளைகுடாவில், தேரா என்ற இடத்தில், அரசாங்க மனுக்கள் அடித்துக்கொடுக்கும் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். போன வருடம் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி விவாகரத்து மனு அடிக்க வந்தார்கள். அவருக்குத் தொலைவில் ருவைஸ் என்ற ஊரில் ஆலை வேலை. அந்த அக்கா இந்தப் பக்கம் முவைலாவில் தனியாக இருந்தார். இருவருக்கும் பேச்சு நின்றுபோய், எதுவானாலும் என்னிடம்தான் சொன்னார்கள்.

"தம்பி, டிவோர்ஸ் எண்டு மட்டும் போட வேண்டாம். ஊரில அம்மா பார்த்தா தாங்கமாட்டா" என்றார் அவர்.

"வேற என்னண்ணே போடுறது?"

போனை நீட்டினார். டிஸ்மேரி. கல்யாணத்தை முறிப்பது என்று பொருள். பழைய ஆங்கிலம், இப்போது யாரும் புழங்குவதில்லையாம். "ஒருத்தருக்கும் விளங்காது" என்றார் பெருமையாக.

அக்கா சுவரைப் பார்த்தபடி, "என்னத்தையாவது போடச் சொல்லுங்கோ" என்றார். இருவரும் டிஸ்மேரி செய்ய விரும்புகிறோம் என்று ஆங்கிலத்தில் அடித்தேன்.

எங்கள் கடை எகிப்துக்காரர்தான் அதை அரபியாக்கினார். அப்படியொரு வார்த்தையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. 'திஸ் மேரி', அதாவது 'இந்த மேரி' என்பதை நான் தப்பும் தவறுமாகச் சேர்த்து அடித்துவிட்டேன் என்று நினைத்து, அவராகவே திருத்திவிட்டார். எங்களுக்குச் சொல்லவும் இல்லை.

கோர்ட் கவுண்டருக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்தவர் ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, மேரி எங்கே என்று இந்தியில் கேட்டார்: "மேரி கிதர் ஹை?"

மூவரும் விழித்தோம். நீங்கள் இரண்டு பேரும் இந்த மேரியை விரும்புவதாக எழுதியிருக்கிறது, அவளும் ஐடியோடு நேரில் வர வேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னதும் அக்கா சட்டென்று கணவர் பக்கம் திரும்பினார்.

"ஆரப்பா அந்த மேரி?"

"சத்தியமா எனக்குத் தெரியாது! நீரும்தானே விரும்புறீராம்!"

அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது. கவுண்டர்காரர், "மேரி மாஃபி? கலாஸ்" என்று, மேரி இல்லையென்றால் வேலை முடிந்தது என்பதுபோல் காகிதங்களைத் திருப்பித் தள்ளினார்.

வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிவோர்ஸ் எண்டே போடும் தம்பி. அம்மாவுக்கு நான் சொல்லுறன்" என்றார் அவர்.

"நீங்கள் சொன்னா உளறுவியள். மாமிக்கு நானே சொல்லுறன்" என்றார் அக்கா.

விவாகரத்து சிக்கலில்லாமல் கிடைத்தது. பின்னொரு நாள் விசா வேலையாகக் கடைக்கு வந்த அக்காவிடம், மாமியார் தாங்கிக்கொண்டாரா என்று கேட்டேன்.

"அவவுக்கு எப்பவோ தெரியுமாம். நாங்கள் தாங்கமாட்டம் எண்டு பேசாமல் இருந்தவவாம்."