மேட்டுக்கு முப்பது பல்

கண்ணை மூடிக்கொண்டுதான் எண்ணுவார். சைக்கிளின் பல்சக்கரத்தை மடியில் சாய்த்து, கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு பல்லின் மேலும் ஏற்றி இறக்கி, உதடு அசையாமல் ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் எண் வரும். கூடவே, எந்தப் பல் எந்தப் பக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்பதும் வரும். எண்தான் சக்கரத்திலேயே பொறித்திருக்கிறதே என்று யாராவது கேட்டால், "பொறிச்சவன் ஓட்டலையே, நீங்கதானே ஓட்டுறீங்க" என்பார்.

தெருவில் அவருக்குப் பல் டாக்டர் என்று பெயர். பெயரை நம்பி ஒரு பெரியம்மா வீங்கிய கன்னத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். "எங்கிட்ட ஸ்பேனர்தான் இருக்கு பெரியம்மா, பரவாயில்லையா?" என்று கேட்டதில் பெரியம்மாவுக்கு வலியே மறந்துபோனதாகக் கேள்வி.

சைக்கிள் ரிப்பேர் செய்யும் அந்தக் கடையில் பாதிதான் அவருடையது. மறுபாதியில் கணவரின் தையல் மெஷின். நடுவில் சுவர் இல்லை, ஒரு துணித் திரை மட்டும். கிரீஸ் கை அந்தப் பக்கம் போகக்கூடாது, நூல் பிசிறு இந்தப் பக்கம் வரக்கூடாது என்பது இருவருக்கும் உள்ள ஒப்பந்தம். மீறுவது எப்போதும் பல் டாக்டர்தான். சைக்கிள் குழாயில் குறி போட அவருக்குத் தையல்காரரின் சுண்ணக்கட்டிதான் வேண்டும்.

"ஒரு சட்டைக்கு அளவெடுக்கலாம்னு டேப்பைத் தேடினா, அது சைக்கிள் இடுப்புல தொங்குது" என்று திரைக்கு அப்பாலிருந்து குரல் வரும்.

"உங்க சட்டை பிடிச்சா மூச்சுதான் முட்டும். என் வண்டி பிடிச்சா ஆளே விழுவாங்க. டேப் இங்கயே கெடக்கட்டும்."

ஒரு சனிக்கிழமை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் ஒரு நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் ஊசி போடுவதும் அவள் வேலை. மேட்டுத்தெருவின் உச்சியில் ஏழு வீடுகள். கார் நுழையாத சந்து. செங்குத்தாக ஏறும் கருங்கல் பாதை. ஆறு வருடமாகக் கரடுமுரடான பாதைக்கென்றே செய்த கிராவல் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் வலது முட்டி மக்கர் செய்தது. பாதி மேட்டில் இறங்கித் தள்ளினாள். தள்ளியதில் நேரம் போனது, ஊசிகள் தாமதமாயின. திங்கட்கிழமையிலிருந்து அவளை மருத்துவமனையில் சீட்டு எழுதும் மேசைக்கு மாற்றப்போவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். அந்த ஏழு வீட்டுக்கும் இனி வாரம் ஒருமுறைதான் ஆள் போகும்.

"மேசை வேலை நல்லதுதானே சிஸ்டர், ஃபேன் இருக்கும்" என்றார் தையல்காரர்.

"எனக்குக் காத்து வரும் அண்ணே. அங்க மேல ஒரு புண்ணுக் கால் கட்டுப் பிரிக்காம ஒரு வாரம் கெடந்தா, அதுல என்ன வரும்?"

தையல்காரர் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

 பல் டாக்டர் அதற்குள் சைக்கிளின் முன்பக்கப் பல்சக்கரங்கள் இரண்டையும் எண்ணி முடித்திருந்தார். "பெருசுல அம்பது, சின்னதுல முப்பத்திநாலு. இது சமதரையில பறக்கிறவனுக்குக் குடுத்த பல்லு. உங்களுக்கு நாப்பத்தாறும் முப்பதும் போதும்."

"குறைச்சா வேகம் போயிருமே அக்கா?"

"போகும். ஒரு மிதிக்குப் போற தூரம் குறையும். மூட்டையை ஒரே தூக்கா மாடிக்குத் தூக்குவீங்களா, பிரிச்சுப் பிரிச்சுக் கொண்டுபோவீங்களா? நேரம் கூட ஆகும், ஆனா இடுப்பு உங்களைத் திட்டாது. அதான் இது."

பெடலைத் தாங்கும் பழைய கிராங்கில் துளைகள் அகலமான வட்டமாக இருந்ததால் முப்பது அதில் உட்காராது. கிராங்கையும் சேர்த்தே மாற்றினார். சக்கரம் சின்னதானதால் செயினில் ஒரு ஜோடி கண்ணியை எடுத்தார். செயினைப் பெரிதிலிருந்து சின்னதற்குத் தள்ளும் தகட்டைச் சுண்ணக்கட்டிக் குறி வரை கீழே இறக்கினார். தகட்டுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளியை அளக்க அவரிடம் கருவி இல்லை. திரைக்கு அப்பால் கை நீட்டி ஒரு சட்டைப் பித்தானை எடுத்துவந்து செருகிப் பார்த்தார். சரியாக நின்றது. ஆறு வருடம் அந்த சைக்கிளை ஓட்டியவள், அது இவ்வளவு துண்டுகளால் ஆனது என்பதை அன்றுதான் பார்த்தாள். எந்தத் துண்டையும் அந்த விரல்கள் இரண்டாம் முறை தேடவில்லை.

ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றியபோது செயின் எண்ணெய் போல ஓடியது. நர்ஸ் கைதட்டாத குறை.

"ஸ்டாண்டுல ஓடுறது ஓட்டமா? உங்க பை எத்தனை கிலோ?"

"எட்டு இருக்கும்."

"இருக்கும்னு வேண்டாம். பையைக் கொண்டாங்க."

மருந்துப் பையை மாட்டிக்கொண்டு மேட்டுத்தெருவுக்குத் தானே ஓட்டிப் போனார். நர்ஸ் பின்னால் நடந்தாள். மேடு செங்குத்தாகும் இடத்தில் பல் டாக்டர் கியரைச் சின்னதற்கு மாற்றினார். கறக் என்று ஒரு சத்தம். பெடல் வெறுமனே சுழன்றது. கால் கல்லில் இடித்தது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் எட்டிப்பார்த்தது.

ஓடிவந்த நர்ஸ் பையில் பஞ்சைத் தேடினாள்.

"காலை விடுங்க சிஸ்டர். அது தானா ஆறிடும். இது ஆறாது."

செயின் இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே விழுந்து கிடந்தது. பல் டாக்டர் குனிந்தார், இந்த முறை கண்ணைத் திறந்து. சின்னச் சக்கரத்தில் எண் பொறித்த பக்கம் உள்ளே பார்க்க வேண்டும். அது வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கம் மாறினால் பல் தள்ளி நிற்கும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது; செயின் நடுவே விழ அது போதும். விரலால் எண்ணுகிறவருக்கு எண் எதற்கு? எழுத்தைப் படிக்காமல் மாட்டியிருந்தார்.

நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்த்த டாக்டர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் மருந்துக் கம்பெனியைத் திட்டியிருப்பார்கள்.

கடைக்கு வந்ததும் பல் டாக்டர் திரையை விலக்கி, கணவர் காதில் விழும்படி சத்தமாகச் சொன்னார்: "என்னங்க, நான் சின்னப் பல்லைப் பக்கம் மாத்தி மாட்டிட்டேன். சிஸ்டர் ஏறியிருந்தா விழுந்திருப்பாங்க."

ஒரு வாரத்துக்குப் போதுமான கிண்டல் கையில் வந்து விழுந்திருந்தது. தையல்காரர் மெஷினை நிறுத்தினார். எழுந்துபோய் மேசை விளக்கைக் கழற்றி வந்து, மனைவியின் கைக்கு வெளிச்சம் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். "பாத்து மாட்டு" என்றார்.

பல் டாக்டர் சரியான பக்கமாகத் திருப்பி மாட்டினார். செயினை ஏற்றினார். மறுபடி மேடு. பல் டாக்டர் அந்தச் செங்குத்தில் மூன்று முறை ஏறி, மூன்று முறையும் வேண்டுமென்றே மோசமான இடத்தில் கியர் மாற்றிப் பார்த்தார். நாற்பத்தைந்து கிலோவும் இல்லாத உடம்பு. சைக்கிள் மெதுவாக, ஒரு எறும்பின் பிடிவாதத்தோடு ஏறியது. மூன்றாவது முறை இறங்கியதும் வண்டியை நர்ஸிடம் நீட்டினார்.

"நின்னு மிதிக்காதீங்க. உக்காந்தே மிதிங்க. நடக்கிறவன் உங்களைத் தாண்டிப் போனாலும் போகட்டும்."

முதல் மிதிக்கே தெரிந்தது. கால் சுழன்றது, முட்டி கேள்வி கேட்கவில்லை. வழக்கமாக இறங்கும் இடம் வந்தது. கால் தானாகத் தரையைத் தேடியது. அவள் அதைப் பெடலிலேயே வைத்தாள். கருங்கல் ஒன்றன்பின் ஒன்றாகச் சக்கரத்துக்கு அடியில் போனது. பக்கத்தில் பல் டாக்டர் நடந்துவந்தார், ஒரு காலை லேசாக நொண்டியபடி, செயினை மட்டும் பார்த்துக்கொண்டு. மூச்சு வாங்கியது நர்ஸுக்கு. வலிக்கவில்லை. முதல் வீட்டின் பச்சைக் கதவு தெரிந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. உச்சி.

நர்ஸ் சைக்கிளை நிறுத்தினாள். திங்கட்கிழமை மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

பல் டாக்டர் சைக்கிளைப் பார்க்கவில்லை. கிரீஸ் கையைத் தன் புடவைத் தலைப்பில் அழுந்தத் துடைத்தார். அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, வலது முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, அது நடுங்குகிறதா என்று பார்த்தார்.