கொக்கி யாருடையது

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோகொப்பி, டைப்பிங், படிவம் நிரப்புதல். வருகிறவர்கள் என்னை அண்ணன் முறையில் நானா என்பார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். நாள் முழுக்கப் படிவம் நிரப்பினால் யாருக்குத்தான் வராது?

போன வருஷம் மழை நாளொன்றில், நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு தங்கச்சி வந்தார். கொழுந்துச் சாக்கின் கயிறு தலையில்தான் இழுக்கும்; நாளடைவில் கழுத்து போய்விடும். அந்தப் பாரத்தை இடுப்புக்கு மாற்றும் ஒரு பட்டியைக் காட்டினார். பட்டியில் வளைத்த கம்பிக் கொக்கி. சரிவில் கால் வழுக்கினால் ஒரே இழுப்பு; சாக்கு கழன்று விழும், ஆள் தப்பிவிடலாம். இதை வேறு யாரும் தன்னுடையது என்று சொல்லாதபடி பதிய வேண்டும் என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படம் பிடித்து முகநூலில் போடப் போனவன், நல்ல வேளை, முதலில் கண்டுபிடிப்புகளைப் பதியும் கொழும்பு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். விண்ணப்பம் போகும்வரை யாருக்கும் காட்டாதீர்கள், வெளியே வந்துவிட்டால் புதுசு என்று பதிய முடியாது என்றார் அங்கிருந்த அதிகாரி. ஏற்கெனவே இப்படி ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும், படம் வரைந்து ஒவ்வொரு பாகத்தின் வேலையையும் எழுத வேண்டும், கண்டுபிடித்த எல்லாருடைய பெயரும் வேண்டும் என்றும் சொன்னார். போனை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். என் வாயையும் சேர்த்துத்தான்.

இரண்டு நாள் இணையத்தில் தேடினேன். மலையேறுகிறவர்களின் பைகளில் இடுப்புப் பட்டி எப்போதோ வந்துவிட்டது. அந்தக் கொக்கி மாதிரி மட்டும் எதுவும் அகப்படவில்லை. அடுத்த முறை வந்தபோது, பட்டி பழசு தங்கச்சி, கொக்கிதான் புதுசு என்றேன். அவருடைய முகம் சுண்டிப்போனது. கொக்கியை வளைத்தது அவரில்லையாம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த அக்காவாம். தண்ணீர்க் குழாயடியில் ஒரு சண்டை, சொல்லக்கூடாத வார்த்தைகள்; ஒரு வருஷமாகப் பேச்சில்லை. அந்த அக்கா இப்போது பசறையில், மகள் வீட்டில்.

எனக்கு எரிச்சல் வந்தது. வேலை முடியப்போகிற நேரத்தில் இதென்ன வம்பு? அந்தப் பெயரை விட்டுவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"ரெண்டு தடவ சறுக்கி விழுந்தேன், நானா. அந்தக் கொக்கி இல்லாட்டி சாக்கோட பள்ளத்துல கெடந்திருப்பேன். அவங்க பேர போடாம எப்படிங்க?" என்றார். ஆனால் தான் கூப்பிட மாட்டாராம். நான்தான் போன் செய்ய வேண்டுமாம். வீம்பு போகவில்லை.

செய்தேன். மறுநாளே பசறை அக்கா வந்து, தங்கச்சி உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையின் மறுகோடியில் உட்கார்ந்தார். நடுவில் நான், தூது போகிறவன். விண்ணப்பத்துக்காகத் தங்கச்சி கொப்பியில் வரைந்திருந்த படத்தைப் பார்த்ததும் அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"அதுகிட்ட சொல்லுங்க, மொதலாளி. கொக்கிய தலைகீழா வரைஞ்சிருக்கு. இப்படி மாட்டுனா கழறாது."

தங்கச்சி என்னைப் பார்த்து, தான் வரைந்தது சரிதான் என்று சொல்லச் சொன்னார். எனக்குப் பொறுமை போய்விட்டது. கட்டிப் பாருங்கள் என்று கத்திவிட்டு, தங்கச்சி கொண்டுவந்திருந்த சாக்குக்குள் நாலைந்து தாள் கட்டுகளைப் போட்டேன். அக்கா எழுந்து வந்து, தங்கச்சியின் இடுப்பில் பட்டியைக் கட்டினார். கொக்கியைப் படத்தில் இருந்தபடி மாட்டி இழுத்தார்; கழறவில்லை. பிறகு தன் முறைப்படி மாட்டி இழுத்தார். சாக்கு தொப்பென்று விழுந்தது. படம்தான் பிழை. அதை அப்படியே அனுப்பியிருந்தால் என் தலையில் நானே மண்ணைப் போட்டிருப்பேன்.

பட்டியை அவிழ்க்கக் குனிந்த அக்கா அப்படியே நின்றார். என்னிடம் இல்லை, நேரே தங்கச்சியிடமே கேட்டார்.

"கழுத்து நோவு இப்ப எப்படி இருக்கு?"

"பழைய நோவு கொறையவே இல்லக்கா" என்று சொன்ன தங்கச்சி, அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் இரண்டு பெயரையும் டைப் செய்தேன். இடம் போதவில்லை, எழுத்தைச் சிறிதாக்கினேன்.