நீருக்கடியில் மணப்பெண்ணின் நிறம்

தமிழில் முதுகலை முடித்தவனுக்கு ஆந்திரத்தில் வேலை இல்லை என்பது, எங்கள் எல்லைப்புறத்தில் படித்து முடித்த பிறகுதான் உறைக்கும். நான் கல்யாண வீடியோ எடுக்கப் போனேன். வீட்டுக்கொரு பிள்ளை அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியபின், கல்யாணத்துக்கு முன்பே மணமக்களை வைத்துப் பாட்டுக்காட்சி எடுக்கும் வழக்கம் எங்கள் பக்கமும் வந்தது. அதைத் தண்ணீருக்கடியில் எடுத்துத் தரச்சொல்லி என்னிடம் முதலில் கேட்டவர்கள் நாயுடுபேட்டை மாப்பிள்ளை வீட்டார்.

மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை. பெண், விஜயபுரம் பக்கத்து வேர்க்கடலை விவசாயி ஒருவரின் மகள், கறுப்பு, நீச்சல் அறியாதவள். திருப்பதியில் ஒரு விடுதியின் குளத்தில் படப்பிடிப்பு. புடவை மிதக்காதிருக்க அதன் ஓரத்தில் ஈயக்குண்டுகள் தைக்கப்பட்டிருந்தன. கரையில், நீருக்குள் கேமரா காண்பதைக் காட்டும் திரையை முன்னால் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அக்கா அமர்ந்திருந்தாள்.

அன்று காலை நலங்கு வைத்த அத்தைமார், படம் எடுக்கப்போகிறார்களே என்று வழக்கத்தினும் மிகுதியாக மஞ்சளைத் தேய்த்து அனுப்பியிருந்தனர். கரையில் அது பொலிவு. நீரோ வெளிச்சத்தில் உள்ள சிவப்பை முதலில் விழுங்கிவிடும். நீல ஓடு பதித்த குளத்தின் ஆழத்தில் மஞ்சள் முகம் பச்சையாகத் தெரிந்தது.

"இன்னாது, பாசி புடிச்ச படிக்கட்டு மாதிரி கீது?" என்றாள் அக்கா. உடனிருந்த உறவுப்பெண் ஒருத்தி, "தம்பி அமெரிக்காவுக்குத் தவளை இட்டுக்கினு போறான்னு சொல்லிடலாம்" என்றாள். ஏணியைப் பற்றியிருந்த மணப்பெண் நீரை அள்ளிக் கன்னத்தைத் தேய்த்தாள். மஞ்சள் போகவில்லை.

நான் சிவப்பு ஃபில்டரை மாட்டினேன். பச்சை விலகியது, ஆனால் ஃபில்டர் வெளிச்சத்தையும் குடிப்பதால் முகம் இருண்டது. விளக்கைக் கேட்டாள் அக்கா. விளக்கும் ஃபில்டரும் சேர்ந்தால் சிவப்பு அளவு மீறும், ஏதேனும் ஒன்று போதும் என்றேன்.

"மீறட்டும். அந்தப் பொண்ணுக்கு மீறினாத்தான் சரியா வரும்."

நீரில் விளக்கின் சிவப்பு கைநீளத்துக்கு மேல் செல்லாது. ஆகவே விளக்கு முகத்தருகே நிற்கவேண்டும்; முகம் அசையாமல், கண் திறந்து, விளக்கின்முன் நிற்கவேண்டும். மாப்பிள்ளை சலித்துப்போய்க் கரையேறிக் கைப்பேசியை எடுத்துக்கொண்டான். பெண் மட்டும் மீண்டும் மீண்டும் மூழ்கினாள். குளோரின் மருந்து கலந்த தண்ணீரில் கண்கள் சிவந்தன. அந்தச் சிவப்புக்கு ஃபில்டர் தேவைப்படவில்லை.

கரையில் துண்டோடு நின்ற தன் தந்தையிடம், "நைனா, வாணாம். காலு தரையில படல. பயமா கீது" என்றாள்.

அவர் அக்காவிடம் சென்றார். "அம்மா, கொழந்த பயப்படுது. போதுமே."

அவள் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "மாமா, இதுக்கே பயந்தா அங்க போயி எப்பிடிக் குடித்தனம் பண்ணும்? இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடுங்க. எங்க தம்பிக்கா பொண்ணு கெடைக்காது?"

ஊரெல்லாம் பத்திரிகை வைத்தாகிவிட்டது. தந்தை திரும்பிவந்து மகளிடம் குனிந்தார். "இன்னோரு வாட்டி. அவ்ளோதாம்மா."

அந்த முறை ஈயம் தைத்த புடவை அவள் கணுக்கால்களைச் சுற்றிக்கொண்டது. வாய் திறந்தது. குமிழிகள் எழுந்தன. விளக்குப் பிடித்திருந்த என் ஆள் அதை விட்டுவிட்டு அவளை மேலே இழுத்தான். குளத்தின் விளிம்பில் அவள் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருக்க, அக்கா அந்தக் காட்சியைத் திரும்ப ஓடவிட்டாள்.

"இத பாருங்க. இதுலதான் அழகா சிரிக்கறா."

மணப்பெண்ணின் உதடுகள் நீலம் பாரித்திருந்ததை நீருக்குள் அருகிருந்து கண்டவன் நான். திரையில் அவை வெற்றிலை போட்டவைபோல் சிவந்திருந்தன, கன்னங்கள் செழித்திருந்தன. மிதமிஞ்சிய சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிந்ததுபோல் இருந்தது.

கல்யாண மண்டபத்தின் பெரிய திரையில் அக்காட்சி மட்டும் வேகம் குறைக்கப்பட்டு ஓடியது. கூட்டம் கைதட்டியது. தந்தை பக்கத்திலிருந்தவரிடம், "நம்ப பொண்ணு எவ்ளோ கலரா கீது, பாத்தியா" என்றார். மேடைக்கருகே கேமராவோடு நின்ற எனக்கு அது கேட்டது. மாலையும் கழுத்துமாய் நின்ற பெண்ணுக்கும் கேட்டது. அவரைக் கையசைத்து அழைத்தாள்.

"நைனா, அது எனக்கு மூச்சு நின்னப்ப எடுத்தது."

அவர் தோள்துண்டால் அவள் நெற்றி வியர்வையை ஒற்றினார்.

"தெரியும்மா. இப்ப சிரி. வீடியோக்காரரு எடுக்கறாரு பாரு."

அவள் என் கேமராவை நோக்கித் திரும்பி, உதடுகளைப் பிரிக்காமல் சிரித்தாள்.