சித்தி உடைக்கக் கொண்டுபோன கல்

எங்கள் சித்தி ஒரு கான்கிரீட் கல்லைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்கு ரயிலேறினாள். துணைக்கு நான். எனக்கு மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. கல்லைச் சோதிக்கப் போகிறோம் என்றார்கள். சோதனை என்றால் எனக்குத் தெரிந்தது பரீட்சைதான். கல் பாஸாக வேண்டும், அவ்வளவே.

சித்தி சிவில் படித்தவள். பனவடலிசத்திரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு இன்ஜினியராகப் போய், முதன்முதலாகத் தளம் போட்டிருந்தாள். அங்குள்ள பெரியவர்களுக்கு அது பொறுக்கவில்லை. "பொம்பளப்பிள்ள போட்ட தளத்துக்குக் கீழ எங்க பிள்ளைகள உக்கார வைக்க மாட்டோம், இடிச்சுட்டுப் புதுசாப் போடுங்க" என்றார்கள். தளம் போனால் அவள் வேலையும் போய்விடும். நல்லவேளையாக, தளம் போட்ட அன்றே அதே கலவையை அச்சில் வார்த்து ஒரு கல்லாக எடுத்து வைத்திருந்தாள். சென்னையில் அவள் படித்த பழைய பல்கலைக்கழகத்தில் சோதித்துச் சொன்னால் ஒப்புக்கொள்வதாகப் பேச்சு.

ரயிலடியில் சித்தி டிக்கெட் எடுக்கப் போன நேரம், நான் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். என்னிடம் கோமதியம்மன் கோயில் புற்றுமண் இருந்தது. எங்கள் ஊரில் காய்ச்சலுக்கும் சொறிக்கும் தலைவலிக்கும் முதலில் கை போவது அதற்குத்தான். கல் காயாமலிருக்கச் சுற்றியிருந்த ஈரச்சாக்கைப் பிரித்து, அதன் தலையில் பூசினேன். மிச்சத்தைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பல்கலைக்கழகத்துச் சிவப்புக் கட்டடத்தின் முன்னால் போய் நின்றபோது எனக்கு வாய் மூடவில்லை. ராஜகோபுரத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைதான் நான். ஆனாலும் கோபுரம் சாமிக்குக் கட்டியது. இது படிக்கிறவர்களுக்குக் கட்டியது என்பதை நம்ப முடியவில்லை. செருப்பைக் கழற்றப் போனேன்.

"போட்டுக்கோட்டி" என்று சித்தி சிரித்தாள். "வெள்ளக்காரன் காலத்துல நெலம் அளக்கச் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்ச எடம். இப்ப இங்கன இல்லாத படிப்பே கிடையாது."

வரைபட மேசைகள் வரிசை வரிசையாகக் கிடந்த கூடத்தைக் காட்டினாள். இன்னொரு கூடத்தில் கண்ணாடிக் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு எப்படி ஓடும் என்பதை அறைக்குள் ஓடவிட்டுப் பார்ப்பார்களாம். ஆற்றையே உள்ளே கூட்டிவந்து பாடம் கேட்கிறவர்கள் என் கல்லைப் பாஸ் போடாமலா விடுவார்கள் என்று எனக்குத் தைரியம் வந்தது.

சோதனைக்கூடத்து அக்கா சாக்கைப் பிரித்தார்.

"என்னங்க இது, மேல மண்ணு?"

சித்திக்கு முகம் வெளுத்தது. என்னைப் பார்த்தாள்; புரிந்துவிட்டது. "ஏட்டி, மேல எதுவும் ஒட்டியிருக்கக் கூடாதுட்டி" என்று முந்தானையாலேயே அழுந்தத் துடைத்தாள். அம்மனையே துடைத்து எறிந்துவிட்டாளே என்று எனக்கு அழுகை முட்டியது.

கல்லை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்தார்கள். இயந்திரம் உறுமியது. அளவு காட்டும் முள் மெல்ல ஏறியது. சித்தி என் கையைப் பிடித்திருந்த பிடியில் விரலெல்லாம் வலித்தது. திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம். நாலு பக்கமும் பொரிந்து கொட்டியது கல்.

நான் ஓவென்று அழுதேன். "ஃபெயிலாப் போச்சே சித்தி!"

"இல்ல மக்கா. ஒடையுறது வரைக்கும் அமுக்குவாங்க. தாங்க வேண்டியதுக்கு மேலயே தாங்கிட்டு, பாஸுதான்" என்றாள். சொல்லும்போதே அவளும் அழுதாள். பாஸான கல்லை எதற்கு உடைத்தார்கள், உடைத்த பிறகு எதற்குப் பாஸ் போட்டார்கள், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய படிப்பு படித்தவர்கள் இப்படித்தான் போலும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பும் ரயில் செங்கல்பட்டு தாண்டியதும் சித்தி மெதுவாகக் கேட்டாள்: "அந்த மண்ணு மிச்சம் வச்சிருக்கியா?"

கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நெற்றி நிறையப் பூசிக்கொண்டாள். வெயிலில் அலைந்ததில் தலைவலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.