பெரிய சேரைத் தோற்கடித்த முடிச்சு

என் மேசை இழுப்பறையில் ஒரு முடிச்சு இருக்கிறது. வெறும் முடிச்சுதான். சிவப்புக் கட்டம் போட்ட லேஞ்சியின், அதாவது கைக்குட்டையின், இரண்டு முனைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மீதித் துணி கத்தரிக்கோலோடு போய்விட்டது. புதிதாக வரும் ஆசிரியர்கள் குப்பையென்று எறியப் போவார்கள், நான் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொள்வேன். ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மா அப்பாவுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். இதை எனக்கு விட்டுப்போனவர் எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய அதிபர். தேயிலைத் தோட்டமே அவரைப் பெரிய சேர் என்றுதான் கூப்பிட்டது.

பெரிய சேர் யாழ்ப்பாணத்துக்காரர். பலாங்கொடைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் இடத்தில் இருக்கும் எங்கள் சின்னப் பாடசாலைக்கு அவர் வந்தபோது, சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் மலையேறி வந்தார். அட்டைக்கு மட்டும் பயம். காலுறையில் சவர்க்காரம் தேய்த்துவிட்டால் அட்டை ஏறாது என்று நான் சொன்ன அன்றிலிருந்து அவர் நடந்தால் சவர்க்கார வாசனைதான். மறுவாரமே அதையும் பெற்றோருக்கான அறிவுரைகளில் சேர்த்துவிட்டார். அவருக்கு அறிவுரைகள் என்றால் உயிர். கேற் எப்போது மூடப்படும், சின்ன வகுப்புகள் எப்போது விடும், யார் வந்து கூட்டிப்போக வேண்டும், நகம் வெட்ட வேண்டும், பெயர் எழுதாத குடையைக் கொண்டுவரக் கூடாது என்று ஒப்புவித்துக்கொண்டே போவார். எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய தலைச் சட்டம் ஒன்று உண்டு. அதைக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளிடம் நாள் தவறாமல் சொல்வார்: "தன்ர வேலையைத் தானே செய்ய வேணும். ரீச்சரைச் சும்மா கூப்பிட்டுக் கரைச்சல்படுத்தக் கூடாது." எங்கள் பிள்ளைகளுக்கு அந்த யாழ்ப்பாணப் பேச்சே வேடிக்கை. ஆனால் சொன்னதைச் சாமி வாக்காக எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வருடம் ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தைப் பௌர்ணமிப் போயா லீவில் வைத்தோம். வேலை நாளில் வைத்தால் கொழுந்து மலையிலிருந்து ஒருவரும் இறங்கி வரமாட்டார்கள். பெரிய சேர் பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்றார். பக்கத்தில் அவருடைய மகள். பச்சை ரிப்பன் கட்டியிருப்பாள், வாய் திறக்கமாட்டாள். என் வகுப்பில் இருந்த சத்தத்துக்கு அவள் ஒருத்திதான் எனக்கு ஆறுதல்.

"சேர், புள்ளைய யட்டியாந்தோட்டையில எங்கக்கா வூட்டுக்கு அனுப்பிரலாம்னு இருக்கோங்க. அக்கா வேலைக்குப் போறதில்ல, பாத்துக்குவா. இங்க இஸ்கோலுக்கு வந்தா ஒரு வாய் சாப்புட மாட்டேங்குது. கட்டிக் குடுத்த ரொட்டி கட்டுனபடியே திரும்பி வருதுங்க. அதுக்கு இந்த இஸ்கோலு புடிக்கலைங்க."

"பிள்ளையை விட்டிட்டு நீங்கள் இருப்பியளோ?" என்றார் பெரிய சேர்.

"இருந்துதானேங்க ஆகணும்" என்று சொல்லும்போதே அந்த அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. பள்ளியில் சாப்பாடு கொடுக்கும் ஏற்பாடு அப்போது எங்களுக்கு இல்லை. இடைவேளையில் பிள்ளைகள் வாசற்படியில் கூட்டமாய் உட்கார்ந்து கொண்டுவந்ததைத் தின்பார்கள். இவள் மடியிலும் ஒரு பொட்டலம் இருக்கும். தின்றுவிட்டுக் கட்டி வைத்திருக்கிறாள் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

அன்றும் பிள்ளைக்குப் பசிக்குமே என்று அம்மா ரொட்டியை லேஞ்சியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரிய சேர் அவளை முன்னால் கூப்பிட்டு, "எங்கை, சாப்பிடு பாப்பம்" என்றார். அவள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "பசிக்கலை சேர்" என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. சின்ன விரல்கள் முடிச்சைக் கிள்ளிக்கொண்டே இருந்தன. நகம் வழுக்கியது. முகம் சிவந்தது. பெரிய சேர் குனிந்து பார்த்தார். "இஞ்சை தா" என்று வாங்கி அவிழ்க்கப் பார்த்தார். அவருக்கும் அசையவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பல்லால் கடித்தார். பெற்றோர் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"ஆர் கட்டினது இது?"

அம்மா வெட்கத்தோடு முன்னால் வந்தார். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கைக் கயிறு போட்டு இறுக்குவார்களே, அதே முடிச்சு. நாள் முழுக்கச் செடிக்குள் புகுந்து வந்தாலும் நெகிழக் கூடாத முடிச்சு. விடியற்காலை அவசரத்தில் கை தானாகவே அதைத்தான் போடுகிறது. ரொட்டிச் சூட்டில் துணி ஈரமாகிக் காய்ந்து இன்னும் இறுகிவிடும். "சாயந்தரம் அவங்க அப்பாதான் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி முனையால நெம்பி எடுப்பாருங்க. புள்ளைக்கு ஏலாதுன்னு எனக்குத் தோணவே இல்லீங்க" என்றபடி அவரும் முயன்று பார்த்தார். அவருக்கும் வரவில்லை. அதோடு கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது; அம்மாவும் சிரித்தார்.

"டீச்சரைக் கூப்புட்டிருக்கலாம்தானே?" என்று நான் பிள்ளையிடம் கேட்டேன். அவள் பெரிய சேரை நிமிர்ந்து பார்த்தாள். "சேர்தானே சொன்னாங்க, அவங்கவங்க வேலைய அவங்கவங்களே செய்யணும்னு."

சிரிப்பு நின்றுவிட்டது. பெரிய சேர் அந்த மடிப்புக் கலையாத காற்சட்டையோடு, பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "இது என்ர பிழை. அந்தச் சட்டம் இண்டையோட முடிஞ்சுது. ஏலாட்டிக் கேள் பிள்ளை. கேட்டால் ஒருத்தரும் ஏசமாட்டினம்" என்றார். "நல்ல லேஞ்சிங்க சேர்" என்று அம்மா தடுக்கத் தடுக்க, கத்தரிக்கோலால் முடிச்சுக்குக் கீழே வெட்டினார். அவள் இரண்டு ரொட்டியையும் சம்பலையும் எல்லோர் முன்னாலும் தின்று விரலைச் சூப்பினாள். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. நான் சீக்கிரம் அழுகிறவள் இல்லை.

அதற்குப் பிறகு பெரிய சேர் அம்மா அப்பாக்களை விடவில்லை. எல்லோரையும் குட்டிக் கதிரைகளில் உட்காரவைத்து, உங்கள் பிள்ளைகளின் பைகளை நீங்களே திறந்து பாருங்கள் என்றார். முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்து, ஒரு அப்பா தண்ணீர்ப் போத்தலோடு மல்லுக்கட்டினார். ஒரு பையனின் காற்சட்டைக் கொக்கியைப் போட்டுக் கழற்றிப் பார்த்த இன்னொருவர், "மலசலகூடத்துக்கு அவசரமா போனா இத எப்படிங்க கழட்டுவான்?" என்று தானே கேட்டுக்கொண்டார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் ஒரு நாள் என்ன என்பது அன்றுதான் அவர்களுக்குப் புரிந்தது, எனக்கும்தான். யட்டியாந்தோட்டைப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

பெரிய சேர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். வருட ஆரம்பத்தில் ஃபோன் எடுத்து, "முடிச்சு இருக்கோ?" என்று கேட்பார். பச்சை ரிப்பன்காரி இப்போது ஐந்தாம் வகுப்பு முடித்துப் பலாங்கொடைப் பெரிய பாடசாலைக்குப் போகிறாள். நல்ல வாயாடி. போன வாரம் சொல்லிவிட்டுப் போக வந்தவள், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இழுப்பறையிலிருந்து முடிச்சை எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள், ஒரு இடத்தில் நகத்தைக் கொடுத்தாள், அவிழ்த்துவிட்டாள். மேசைமேல் இரண்டு துணித் துண்டுகள். என்ன செய்துவிட்டாய் என்று நான் வாய் திறப்பதற்குள் அதே முடிச்சைத் திரும்பப் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்து இறுக்கினாள்.

"புது அம்மாமாருக்கு வேணுமே டீச்சர்" என்றாள்.

அவள் வாசலைத் தாண்டியதும் நான் முடிச்சைக் கையில் எடுத்தேன். நகத்தால் கிள்ளினேன், பல்லாலும் கடித்துப் பார்த்தேன். பிறகு ஜன்னல் வழியாக எட்டி, பாதையில் இறங்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன்: "எனக்கு ஏலாது, வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போ!"