பொக்கட்டில் இருப்பது பிள்ளைக்கு

பேல் கடையில் ஆண்பிள்ளைக்கு மரியாதை கிடையாது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தக் கடை. நான் முதல்முறை போனபோது, தரையில் கிடந்த உடுப்புக் குவியலைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து நின்றார்கள். வெளிநாட்டுக்காரர்கள் உடுத்திக் கழித்த துணி கப்பலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிடுவார்கள். கிளறி எடுப்பது அவரவர் சாமர்த்தியம். நான் ஓரமாக நின்று கையை நீட்டினேன். "பொம்பளைங்க நிக்கிற எடத்துல என்னாங்க இடிச்சுக்கிட்டு?" என்றாள் ஒருத்தி. அப்போது அவளுடைய முழங்கைதான் என் விலாவில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை எந்த உயரத்தில் வெட்டி நிறுத்த வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும். மூன்று வயதுப் பெண்பிள்ளைக்குக் கவுன் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பது தெரியாது. அதெல்லாம் என் மனைவியின் காரியமாக இருந்தது. அவள் வீட்டு வேலைக்கு ஜோர்தானுக்குப் போன பிறகு எல்லாம் என் தலையில் விழுந்தது.

போகிற அன்று காலையில் அவள் என்னிடம் இரண்டே இரண்டு விஷயம் சொன்னாள். "புள்ளைய நேரத்துக்குச் சாப்பிட வைங்க. அடுத்தவங்க கழட்டிப் போட்டத மட்டும் எம்புள்ளைக்குப் போட்டுறாதீங்க."

இரண்டாவதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அம்மா துரை பங்களாவில் வேலை பார்த்தவர். பங்களாப் பிள்ளைகளுக்குச் சிறிதாய்ப் போன உடுப்பெல்லாம் இவளுக்கு வரும். லேஸ் வைத்த கவுனைப் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனால், "துரைச்சாணி வர்றா, வழி விடுங்கடி" என்று பிள்ளைகள் ஒதுங்கி நிற்பார்களாம். அதைச் சொல்லும்போது இப்போதும் அவள் காது சிவக்கும். கூடப்பிறந்த அக்காவின் சேலையைக்கூட வாங்கிக் கட்டமாட்டாள். அப்படிப்பட்டவள் கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். தலை ஆட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

மார்கழிப் பனி வந்தது. மகளுடைய கம்பளிச் சட்டை முழங்கைக்கு ஏறிவிட்டது. டவுனில் ஒரு துணிக்கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். இரண்டாம் தடவை துவைத்ததும் அது கொசுவலையாகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் மகளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். "காசக் குடுத்துக் குளிர வாங்கியாந்திருக்கியே தம்பி! பேசாம பேல் கடைக்குப் போ. நம்ம லயத்துல பாதிப் பேரு அங்கதான்" என்றார். மனைவியின் சொல் ஒரு பக்கம், மகளின் இருமல் ஒரு பக்கம். இருமல்தான் கிட்டத்தில் கேட்டது. போனேன்.

போகப் போகத் தொழில் பிடிபட்டது. அந்தக் குவியலுக்கு ஒரு சட்டம் உண்டு. கையில் எடுத்தது எடுத்தவருக்கு. கீழே வைத்துவிட்டால் ஊருக்கு. அதனால் பெண்கள் பிடித்தது, பிடிக்காதது எல்லாவற்றையும் இடக்கையில் மலையாக அடுக்கிக்கொண்டுதான் யோசிப்பார்கள். நானும் அப்படியே பழகினேன். அக்குளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். சிப்பை மேலும் கீழும் இரண்டு தடவை இழுத்துவிடுவேன். சட்டைக் கையின் விளிம்பைத் தடவினால் ஒரு கோட்டை ஒரு பிள்ளை போட்டதா, மூன்று பிள்ளை போட்டதா என்று சொல்லிவிடுவேன். பட்டன் மாற்றித் தைத்திருந்தால் நூலைப் பார்த்ததும் தெரிந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீரில் ஊறப்போட்டு அலசி வெயிலில் போடுவேன். எங்கள் மலையில் வெயில் வருவதற்கே சில வாரம் நான்கு நாள் ஆகும்.

முதன்முதலாக வாங்கிய பச்சைக் கோட்டை மகளுக்குப் போட்டுவிட்டபோது அவள் பொக்கட்டுக்குள் கையை விட்டாள். உள்ளே இருந்து ஒரு சின்ன டிக்கட் வந்தது. எந்த ஊர் எழுத்தென்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதையல் எடுத்தவள் மாதிரி அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "இது யாரோடது அப்பா?" என்று கேட்டாள். "இதுக்கு முந்திப் போட்ட பாப்பா உனக்குன்னு வச்சிட்டுப் போயிருக்கு" என்றேன். அன்றைக்கு எங்கள் வீட்டிலும் ஒரு சட்டம் பிறந்தது. உடுப்பு அப்பா எடுப்பது. பொக்கட்டில் இருப்பது பிள்ளைக்கு. அதற்குப் பிறகு நான் அலசும் முன்னால் பொக்கட்டைத் தொடவே மாட்டேன். அவள் பார்த்த பிறகுதான் துணி தண்ணீருக்குப் போகும். கிடைத்ததையெல்லாம் ஒரு பால்மாத் தகரத்தில் போட்டு வைத்தாள். ஓட்டை விழுந்த காசு, காய்ந்த இலை, நீலக் கண்ணாடி மணி, பாதி அழிறப்பர். இரண்டு வருடத்தில் எப்படியாகிவிட்டாள் என்றால், புது உடுப்பைக் காட்டினால் நிறத்தைப் பார்க்கமாட்டாள். கை நேராகப் பொக்கட்டுக்குத்தான் போகும்.

மனைவி வெள்ளிக்கிழமைகளில் போனில் முகம் காட்டிப் பேசுவாள். "கவுனு அழகா இருக்கே, எங்கங்க எடுத்தீங்க?" என்பாள். "டவுன்ல" என்பேன். "துணிக்கடையிலயா?" "ஆமா. துணி விக்கிற கடைதான்." பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். மகள் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவளிடம் ரகசியம் தங்கும்.

ஆனால் அந்தச் சிரிப்போடு சரி. அம்மாவோடு பேசு என்றால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடிவிடுவாள். அவளுக்கு அம்மா என்பது போனில் வரும் ஒரு முகம். அம்மா போனபோது மூன்று வயது. வரப்போகிறாள் என்று செய்தி வந்தபோது ஏழு. செய்தியைச் சொன்னதும் அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அவங்க வந்தா எங்க படுப்பாங்க அப்பா?" வீட்டுக்கு வரும் விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து என் பயமெல்லாம் ஒன்றுதான். நான்கு வருடம் அடுத்தவர் வீட்டில் பாடுபட்டு வருகிறவளிடம் இந்தப் பிள்ளை போக வேண்டும். போகாவிட்டால் அவள் தாங்கமாட்டாள்.

அம்மா வருகிற அன்றைக்காவது உண்மையிலேயே புது உடுப்புப் போட்டு நிறுத்துவோம் என்று மகளைத் துணிக்கடைக்குக் கூட்டிப்போனேன். இளஞ்சிவப்பில் ஒரு கவுன் எடுத்துக் காட்டினார்கள். மகளின் கை வழக்கம் போலப் பொக்கட்டுக்குப் போனது. விரல் உள்ளே நுழையவில்லை. மூடி மட்டும் வைத்துத் தைத்திருந்தார்கள். "இது பொய்ப் பொக்கட்டு, அப்பா. நீயே பாரு" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவதை எடுப்பதற்குள் கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கும்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் கால் தானாகச் சந்துக்குள் திரும்பியது.

பேல் கடை முதலாளி எங்களைப் பார்த்ததும் சிரித்தார். முஸ்லிம் அண்ணன்; எல்லாருக்கும் அவர் நானா. "என்ன தம்பி, பொண்டாட்டி வாற நேரத்துலயும் நம்மட கடதானா?"

"பொக்கட் வச்ச கவுன் வேணும் நானா. உண்மையான பொக்கட்."

மேசைக்கு அடியில் தேடி நீல நிறத்தில் ஒரு பருத்திக் கவுனை எடுத்துத் தந்தார். புதுக் கருக்குக் கலையாத துணி. ஒரு பிள்ளைகூட ஒழுங்காகப் போட்டிருக்காது. மகள் இரண்டு பொக்கட்டிலும் கையை விட்டாள். ஒன்றும் இல்லை. முகம் சுண்டிவிட்டது. நானா கவுனைத் திரும்ப வாங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு என்னவோ செய்துவிட்டு நீட்டினார். "இப்ப பாருங்க மகள்." உள்ளே ஒரு டொபி மிட்டாய் இருந்தது.

பக்கத்துக் காம்பரா அக்கா கவுனைப் புரட்டிப் பார்த்துவிட்டு எச்சரித்தார். "உம் பொண்டாட்டி கேட்டான்னா நீ வாயத் தொறக்காத தம்பி. நுணலும் தன் வாயால கெடும்." நான் தலையை ஆட்டினேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நான் மட்டும்தான் போனேன். மகளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. மனைவி வெளியே வந்தபோது அவளை ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தாள். வழி முழுக்க மகளைப் பற்றித்தான் கேட்டாள். எவ்வளவு உயரம் இருக்கிறாள், விழுந்த பல் முளைத்துவிட்டதா, தன்னைப் பற்றிக் கேட்கிறாளா என்று. கடைசிக் கேள்விக்கு நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

மறுநாள் மதியத்துக்கு மேல் லயத்துக்கு வந்து சேர்ந்தோம். மகள் நீலக் கவுனில், அக்காவின் சேலைக்குப் பின்னால் நின்றாள். மனைவி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாசலில் மண்டியிட்டாள். மகள் நகரவில்லை. அக்கா முன்னால் தள்ளிவிட்டதும் தலையைக் குனிந்துகொண்டு, "வாங்க" என்றாள்.

என் மனைவியின் விரித்த கை அப்படியே நின்றது. பிறகு அவள் அதை மெல்ல இறக்கிக்கொண்டு, "வந்துட்டேன்டா" என்றாள். அந்தக் குரலை நான் மறக்கவே மாட்டேன்.

உள்ளே வந்ததும் தேநீர்கூடக் குடிக்காமல் பையைத் திறந்தாள். "ஒனக்கு என்னா கொண்டாந்திருக்கேன் பாரு" என்று மேலாக வைத்திருந்த ஒரு பொதியைப் பிரித்தாள். சிவப்புக் கம்பளிக் கோட். நன்றாக இஸ்திரி போட்டு மடித்து, பொலித்தீனில் சுற்றியிருந்தது. "கடையில எடுத்தது. புத்தம் புதுசு" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

நான் பார்த்துவிட்டேன். நான்கு வருடத் தொழில். கண் சும்மா இருக்குமா? கை விளிம்பில் கம்பளி படிந்து போயிருந்தது. இரண்டாவது பட்டனின் நூல் வேறு சிவப்பு. அதைத் தைத்தது யாருடைய கை என்றும் தெரிந்தது; என் சட்டைகளுக்குப் பட்டன் தைத்த அதே கை. அக்கா சொன்னபடி வாயைத் திறக்காமல் நின்றேன்.

கோட்டைப் பார்த்ததும் மகள் இரண்டு அடி முன்னால் வந்தாள். கையில் வாங்கினாள். நிறத்தைப் பார்க்கவில்லை, அளவு வைத்துப் பார்க்கவில்லை. கை நேராகப் பொக்கட்டுக்குள் போனது.

மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கடையில் வாங்கிய புது உடுப்பின் பொக்கட்டை எந்தப் பிள்ளை தேடும்? என் குட்டு உடைந்துவிட்டது என்று தெரிந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "அப்பா, இதுலயும் இருக்கு!" என்று மகள் கத்தினாள். அவள் விரலில் வாத்துப் படம் வைத்த மஞ்சள் கிளிப் ஒன்று இருந்தது.

மனைவி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த வீட்டுப் புள்ளையோட கிளிப்பு" என்றாள். "ஒரு நாள் பூரா தேடினோம், இந்தப் பொக்கட்ட மட்டும் யாரும் பாக்கல. நான்தான் தொலச்சிட்டேன்னு மேடம் ஏசுனாங்க. ரெண்டு நாள் எங்கிட்ட பேசல."

அவளே தொடர்ந்தாள். "அந்தப் புள்ளைக்கு இத நான்தாங்க போட்டு விடுவேன். தெனமும் பட்டன் போடுறப்ப, இவளுக்குப் போடுறேன்னு நெனச்சுக்குவேன். அதுக்குச் சின்னதாப் போனதும் வாய் விட்டுக் கேட்டு வாங்கிட்டேன். நானு, கேட்டு வாங்கியிருக்கேன்! ஒங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் புதுசுன்னேன்."

"நானும்தான்" என்றேன்.

"அது தெரியுதுங்க. எத்தன நாளா?"

"நாலு வருசமா."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "துணி விக்கிற கடைதான்" என்று என்னைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டினாள். வாசலில் நின்ற அக்கா, "ஜாடிக்கேத்த மூடிதான்" என்று சொல்லிவிட்டுத் தன் காம்பராவுக்குப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அடுப்பைப் பார்க்கப் போனேன்.

அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன். மகள் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தகரத்தை எடுக்கப் போகவில்லை. அம்மா கண்ணைத் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிலில் ஏறி, முழங்காலில் நின்று, அம்மாவின் தலைமுடியில் அந்தக் கிளிப்பைக் குத்தினாள். சரியாக நிற்கவில்லை, எடுத்து மறுபடியும் குத்தினாள்.

"நீ தொலைக்கலம்மா" என்றாள். "இங்கதான் இருந்துச்சு."