ரப்பர் கப்புக்கு ஒரு சந்தனப் பொட்டு

போன வாரம் ஒரு பலகை பறந்தது. என் கண் முன்னால்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாறசாலைப் பக்கம் நான் வேலை பார்க்கிற ஷெட்டில் அலமாரிக்கும் கிச்சன் கப்போர்டுக்கும் பலகை தயாராகிறது. துளை போடுவது, பள்ளம் வெட்டுவது எல்லாம் கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் சிஎன்சி மெஷின். ஓட்டுவது நான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். பையன் கம்ப்யூட்டர் முன்னால் நிற்கிறான் என்று அம்மாவுக்கு ஏகப் பெருமை.

அம்மாவிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்த மெஷினில் பலகையை ஆணியோ கிளாம்போ பிடிப்பதில்லை. அடியில் இருக்கும் ரப்பர் கப்புகள் காற்றை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்... அவ்வளவுதான். மேலே கட்டர் பேய் மாதிரிச் சுற்றும்.

அன்று ஆயுத பூஜை முடிந்து மெஷினை முதல்முறையாக ஓட்டுகிறோம். என்னோடு பலகை ஏற்றி இறக்குகிற ஜஸ்டின், வேடிக்கை பார்க்க, மெஷினைச் சுற்றித் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டிக் குனிந்துவிட்டான்.

"எலே, மாறி நில்லுலே!"

"ஒண்ணும் வராது மக்கா. நேத்து பூஜை கழிஞ்ச மெஷினாக்கும்!" சிரித்துக்கொண்டேதான் நகர்ந்தான்.

டப்!

பலகை கட்டரில் மாட்டி, மெஷின் முன்னால் தொங்கும் பிளாஸ்டிக் திரையைக் கிழித்துக்கொண்டு, சற்றுமுன் அவன் முகம் இருந்த இடத்தைக் கடந்து சுவரில் மோதியது. சிவப்பு பட்டனை அடித்தேன். மெஷின் நின்றது.

கப்புகளைத் தடவிப் பார்த்தேன். மஞ்சளாய்ப் பொடி. சந்தனம்! பூஜையில் எல்லாரும் மெஷினின் முகப்பில் ஒரு பொட்டு வைத்தார்கள். ஜஸ்டின் ஒவ்வொரு கப்புக்கும் வைத்திருக்கிறான். அது காய்ந்து பொடியானால்? கப்பு காற்றை உறிஞ்சிப் பிடிக்கத்தான் செய்தது, அதைக் காட்டும் மீட்டர் ஊசியும் பச்சையில்தான் நின்றது. ஆனால் கட்டர் பக்கவாட்டில் தள்ளியதும் பலகை பொடியில் வழுக்கிவிட்டது.

"சர்ச்சுக்குப் போறவனுக்கு சந்தனம் எதுக்குலே?"

ஜஸ்டினுக்கு உதடு வெளுத்திருந்தது. "பலகையப் பிடிச்சு நிக்கது அதுதானே மக்கா... அதுக்குக் கொஞ்சம் கூடுதல் வேணும்னு நெனச்சேன்."

சாயந்திரம் காட்டாக்கடைக்கு லோடு போகவேண்டும். சூப்பர்வைசர் அண்ணன் ஓடிவந்தார். "யாருக்கும் ஒண்ணும் ஆவலல்லா? பேடிச்சுப் பயந்து நின்னா வேலை தீருமா? படிச்ச பயதானே நீ? ஸ்டார்ட் பண்ணு."

"பேடி உண்டு அண்ணே. கப்பு எல்லாத்தையும் துடைக்கணும். இவன் கோட்டுக்கு வெளிய நிக்கணும். அதுவரைக்கும் பட்டனைத் தொட மாட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜஸ்டின் மட்டும் சிரிக்கவில்லை. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இப்போதும் ஸ்டார்ட் அமுக்குமுன் எனக்குப் பயம் வருகிறது; கப்புகளை விரலால் தடவிப் பார்க்கிறேன். உங்களுக்கு மட்டும் என்னவாம்? மிக்ஸிக்குள் கைவிடுமுன் சுவிட்சை ஒருதரம் திரும்பிப் பார்ப்பதில்லையா?

எங்கள் ஷெட்டில் பயமே இல்லாத ஒன்று ஏற்கெனவே இருக்கிறது — மெஷின். இன்னொன்று வேண்டாம்.